சொல்லப்பட்ட காரணம்: ஐடா பி. வெல்ஸ் கும்பல் கொலைகளை விசாரித்த முறை

1892ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கும்பல்கள் 241 பேரைக் கொன்றன. அவர்களில் 160 பேர் கறுப்பினத்தவர். என்ன குற்றம் சாட்டி அவர்களைக் கொன்றார்கள் என்று கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஒரு பட்டியல் போட்டார். கொலைக் குற்றச்சாட்டு 58. பாலியல் வல்லுறவு 46. வல்லுறவு முயற்சி 11. கொள்ளை 6, கொள்ளையடித்ததாகச் சந்தேகம் 4, தீவைப்பு 6, இன வெறுப்பு 6, ‘போக்கிரிகள்’ 6, கலவரம் 3, பெண்களை அவமதித்தது 2, கொலை முயற்சி 2. திருட்டு, மோசடி, அடிதடி ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர். தற்காத்துக்கொண்டதற்காக ஒருவர். காரணமே சொல்லப்படாமல் 4 பேர். பட்டியலின் கடைசி வரி இது: ‘எந்தக் குற்றமும் சொல்லப்படவில்லை, ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் - 2.’

அந்தச் சிறுவனுக்கு 16 வயது, சிறுமிக்கு 14. லூசியானா மாநிலத்தின் ஜோன்ஸ்வில்லில், அவர்களுடைய அப்பா ஒரு வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. பிள்ளைகள் இருவரையும் தூக்கிலிட்டுச் சுட்டார்கள். பிறகு அப்பாவையும் கொன்றார்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு எண்கூட வெல்ஸ் தாமாகச் சேர்த்ததல்ல. வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழ் 1882 முதல் ஆண்டுதோறும் கும்பல் கொலைகளைத் தொகுத்து வெளியிட்டுவந்தது. அதிலிருந்து எடுத்த எண்கள்தான் இவை. வெல்ஸ் செய்தது, ‘சொல்லப்பட்ட காரணம்’ என்ற தலைப்பின்கீழ் அவற்றை வகை பிரித்து அடுக்கியது. அப்படி அடுக்கியதும் ஒரு நாடே நம்பிக்கொண்டிருந்த கதை உடைந்தது.

‘கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுக்கிறார்கள். சட்டம் மெதுவாக நகர்கிறது, ஊர் பொறுமையிழந்து பொங்கிவிடுகிறது.’ இதுதான் அந்தக் கதை. தென் மாநிலங்களின் பத்திரிகைகள் சொன்னதை வட மாநிலங்களின் படித்தவர்கள் நம்பினார்கள். நல்லெண்ணம் கொண்ட பாதிரியார்களும் நம்பினார்கள். 1892 மார்ச் வரை தாமும் ஓரளவு அப்படித்தான் நினைத்ததாக வெல்ஸே எழுதியிருக்கிறார். ஆனால் 160 பேரில் வல்லுறவு, வல்லுறவு முயற்சி என்ற இரண்டு குற்றச்சாட்டுகளையும் சேர்த்தாலே 57தான் வருகிறது. மீதி 103 பேருக்கு அந்தப் பழியைச் சுமத்தக்கூட யாரும் முயலவில்லை. அந்த 57 பேர் மீதான குற்றச்சாட்டையும் எந்த நீதிமன்றமும் விசாரித்து முடித்திருக்கவில்லை.

ஆத்திரம் தலைக்கேறிய ஊர் ஒரு நொடியில் செய்துவிடுகிற காரியமாகத்தான் கும்பல் கொலையைப் பலரும் நினைக்கிறார்கள். வெல்ஸ் திரட்டிய வழக்குகளைப் படித்தால் அதற்கு ஒரு நடைமுறையே இருந்தது தெரியும். முதலில் குற்றச்சாட்டு எழும். வட்டாரக் காவல் தலைவரான ஷெரீப் ஒருவரைப் பிடித்துச் சிறையில் வைப்பார். உள்ளூர்ப் பத்திரிகை குற்றத்தை விவரித்து, கைதி இருக்கும் இடத்தையும் எழுதும். சில ஊர்களில் கொலை நடக்கப்போகும் நேரம்கூட முன்கூட்டியே பரவி, வேடிக்கை பார்க்கச் சிறப்பு ரயில்கள் ஓடின. கும்பல் சிறைக்கு வரும். சாவி கைமாறும், அல்லது காவலர் கதவை உடைக்க விட்டுவிடுவார். கொலைக்குப் பின் கயிற்றையும் எலும்பையும் துண்டு போட்டு நினைவுப்பொருளாக எடுத்துச்செல்வார்கள். மறுநாள் பிணப் பரிசோதனைக் குழு கூடி, ‘அடையாளம் தெரியாத நபர்களின் கையால் இறந்தார்’ என்று எழுதிக் கோப்பை மூடும். கூட்டத்தில் நின்றவர்களை ஊரே பெயர் சொல்லி அழைக்கும். கோப்பில் மட்டும் அவர்கள் அடையாளம் தெரியாதவர்கள்.

இதில் பத்திரிகைக்கு, ஷெரீப்புக்கு, பரிசோதனைக் குழுவுக்கு என்று ஆளுக்கொரு வேலை இருந்தது. வெல்ஸ் பின்னாளில் இந்த ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத் தாக்கினார்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸில் 1862 ஜூலை 16 அன்று அடிமையாகப் பிறந்தவர் அவர். தந்தை தச்சர். 1878இல் மஞ்சள் காய்ச்சல் ஒரே வீச்சில் தாய், தந்தை, கைக்குழந்தையான தம்பி மூவரையும் கொண்டுபோனது. தம்பி தங்கைகளை ஆளுக்கொரு வீட்டில் விடலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். 16 வயது ஐடா மறுத்து, வயதைக் கூட்டிக் காட்டி ஆசிரியை வேலைக்குப் போனார். பிறகு டென்னசியின் மெம்பிஸ் பக்கம் குடிபெயர்ந்தார். 1883இல் ரயிலில், பெண்களுக்கான பெட்டியில் பயணச்சீட்டோடு உட்கார்ந்திருந்தவரைக் கண்டக்டர் இழுத்து வெளியேற்றப் பார்த்தார். வெல்ஸ் அந்தக் கையைக் கடித்துவிட்டார். வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றத்தில் 500 டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பும் வாங்கினார். 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. சட்டம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில் விழுந்த முதல் அடி இது.

1889இல் மெம்பிஸின் ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகையில் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் சேர்ந்தார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று அதில் எழுதியதால் 1891இல் ஆசிரியை வேலை போயிற்று. அதன்பின் சந்தா சேர்க்க ஊர் ஊராக ரயிலேறினார். எழுத்தறியாதவர்கள் ‘ஃப்ரீ ஸ்பீச்’ கேட்டால் விற்பனையாளர்கள் வேறு பத்திரிகையைக் கொடுத்து ஏமாற்றுவது தெரியவந்ததும், பத்திரிகையை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடத் தொடங்கினார். வாசிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து வாங்கி, தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பின்னாளில் அவர் எழுதிய துண்டுநூல்கள் எல்லாவற்றிலும் இந்தப் புத்தியைப் பார்க்கலாம்: யாருடைய கைக்குப் போக வேண்டும், வழியில் எது தடுக்கும் என்று முதலில் யோசிப்பது.

மெம்பிஸ், 1892

மெம்பிஸின் ஓரத்தில் ‘கர்வ்’ என்ற பகுதியில் கறுப்பினத்தவர் கூட்டாகப் பங்கு போட்டு ‘பீப்பிள்ஸ் குரோசரி’ என்ற மளிகைக்கடை நடத்தினார்கள். அதன் தலைவர் தாமஸ் மாஸ், தபால்காரர். வெல்ஸின் நெருங்கிய நண்பர். மாஸின் மகளுக்கு வெல்ஸ்தான் ஞானத்தாய். எதிரே ஒரு வெள்ளையரின் கடை. அதுவரை அந்தப் பகுதி வியாபாரம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. பையன்கள் விளையாட்டில் தொடங்கிய ஒரு சண்டை பெரியவர்களிடம் பரவியது. மார்ச் 5 இரவு சீருடை இல்லாமல் ஆயுதங்களோடு சிலர் கடைக்குள் வந்தார்கள். கும்பல் என்று நினைத்துக் காவலுக்கு நின்றவர்கள் சுட்டார்கள். மூன்று பேர் காயமடைந்தனர். காயமடைந்தவர்கள் ஷெரீப்பின் ஆட்கள். மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் மூவரும் சிறைக்குப் போனார்கள். மார்ச் 9 விடிவதற்குள் ஒரு கும்பல் அவர்களைச் சிறையிலிருந்து எடுத்துச்சென்று, நகரின் வடக்கே ரயில்பாதையோரத் திடலில் சுட்டுக் கொன்றது.

காலைப் பத்திரிகையில் எல்லாம் வந்திருந்தது, மாஸ் சாகும் முன் சொன்னது உட்பட: ‘என் மக்களை மேற்கே போகச் சொல்லுங்கள், இங்கே அவர்களுக்கு நீதி கிடையாது.’ அவ்வளவு துல்லியமாக எழுத வேண்டுமானால் நிருபர் அருகில் நின்றிருக்க வேண்டும். வெல்ஸ் இதைக் கவனித்தார். இன்னொன்றையும் கவனித்தார். இந்த மூவர் மீதும் எந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சும் எழவில்லை. அவர்கள் செய்தது மளிகை விற்றது. ஒரு வெள்ளையரின் வியாபாரம் குறைந்தது. அதுவரை நம்பிவந்த ‘சொல்லப்பட்ட காரணம்’ மீது அவருக்குச் சந்தேகம் விழுந்தது இங்கேதான். சொத்து சேர்க்கிற கறுப்பினத்தவரை ஒழிக்கவும், மீதமுள்ளவர்களை அச்சத்தில் வைக்கவும் பயன்படும் ஒரு சாக்கு அது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அவர் முதலில் தொட்டது பணத்தை. மாஸ் சொன்னபடி ஊரைவிட்டுப் போங்கள், போகும்வரை டிராமில் ஏறாதீர்கள் என்று ‘ஃப்ரீ ஸ்பீச்’ எழுதியது. ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமா பக்கம் கிளம்பினார்கள். ‘அங்கே பட்டினிதான், பாம்புதான்’ என்று வெள்ளையர் பத்திரிகைகள் பயமுறுத்தியபோது வெல்ஸே நேரில் போய் மூன்று வாரம் சுற்றிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதினார். கொலை நடந்து ஆறு வாரத்தில் டிராம் கம்பெனி அதிகாரிகள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து, கறுப்பினப் பயணிகள் ஏன் ஏறுவதில்லை என்று விசாரித்தார்கள். மின்சார டிராமுக்குப் பயப்படுகிறார்களோ என்று கேட்டார்கள். வெல்ஸ் அந்த உரையாடலை அப்படியே அச்சிட்டார்.

மே 21 அன்று ஒரு சிறு தலையங்கம். கடந்த வாரத்துக்குப் பிறகு எட்டுப் பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று இடம் வாரியாகச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பெண்களைக் கறுப்பின ஆண்கள் கெடுக்கிறார்கள் என்ற நைந்துபோன பொய்யை இந்தப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை என்று எழுதினார். மெம்பிஸ் பத்திரிகைகள், எழுதியவர் ஆண் என்று நினைத்து, அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்ய வேண்டும் என்று அச்சிலேயே கொதித்தன. மே 27 அன்று கும்பல் அலுவலகத்தை நாசமாக்கியது. வெல்ஸ் அப்போது கிழக்கே பயணத்தில் இருந்தார். ஊர் திரும்பினால் கொலை என்று செய்தி வந்ததால் நியூயார்க்கிலேயே தங்கினார். தமது சந்தாதாரர் பட்டியலைக் கொடுத்து, டி. தாமஸ் ஃபார்ச்சூன் நடத்திய ‘நியூயார்க் ஏஜ்’ பத்திரிகையில் நாலில் ஒரு பங்கு பெற்றார். ஜூன் 25 அன்று முதல் பக்கத்தில் ஏழு பத்திகள் நிறைய அவர் எழுதியது வெளிவந்தது. 10,000 பிரதிகள் அச்சாயின.

அதைத் துண்டுநூலாக்கக் கையில் காசில்லை. அக்டோபர் 5 அன்று நியூயார்க்கின் லிரிக் ஹாலில் கறுப்பினப் பெண்கள் சுமார் 250 பேர் கூடி 500 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். பேனா வடிவத்தில் ஒரு தங்க ஊசியும் அணிவித்தார்கள். மேடையில் பேசும்போது தம்மை மீறி அழுதுவிட்டதற்காக வெல்ஸ் வெட்கப்பட்டார். கைக்குட்டையை மேடைக்குப் பின்னாலிருந்து வாங்கிக்கொண்டே பேசி முடித்தாராம். அந்தப் பணத்தில் வந்ததுதான் ‘சதர்ன் ஹாரர்ஸ்’.

அவர் எப்படி விசாரித்தார்

இன்று உண்மையறியும் குழுக்கள் செய்கிற வேலையின் பெரும்பகுதியை வெல்ஸ் தனி ஆளாகச் செய்தார். அதன் முதல் விதி, எதிர்த்தரப்பின் ஆவணத்தை மட்டுமே அடிப்படையாக வைப்பது. கறுப்பினப் பத்திரிகைகள் சொல்லும் எண்ணை எடுத்தால் ‘மிகைப்படுத்துகிறார்கள்’ என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். வெள்ளையர் பத்திரிகையே எழுதியதை எடுத்தால் அப்படிச் சொல்ல வழியில்லை. கொலைகாரர்கள் அவர்கள் வாயாலேயே மாட்டட்டும் என்பது 1895இல் அவர் வெளியிட்ட ‘எ ரெட் ரெக்கார்ட்’ நூலில் வெளிப்படையாகச் சொன்ன கொள்கை. அந்த நூலில் பெயர், தேதி, ஊர், குற்றச்சாட்டு என்று மூன்று ஆண்டுகளின் கொலைகள் வரிசையாக வருகின்றன.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. பத்திரிகைக்கு எட்டாத கொலைகள் பட்டியலில் வரவே வராது. பெயர்கள் தவறாக அச்சாகியிருக்கும். தோட்டத்தில் காணாமல்போன கூலியாட்களை யாரும் எண்ணவில்லை. ஆகவே எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வெல்ஸுக்கு இது தெரியும். குறைந்த எண்ணையே வைத்து வாதத்தை வென்றுவிட முடியும் என்பதுதான் அவர் கணக்கு.

இரண்டாவது, செய்தியை நேரில் போய் ஒப்பிடுவது. மிசிசிப்பியின் டுனிகாவில் ஷெரீப்பின் ஏழு வயது மகளைக் கெடுத்ததால் ‘முரட்டு மிருகம்’ ஒன்று கொல்லப்பட்டதாகச் செய்தி நிறுவனம் அனுப்பியிருந்தது. வெல்ஸ் அந்த ஊருக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்தார். வயது 17க்கும் மேல். கொல்லப்பட்டவரின் குடிசையில் அந்தப் பெண் இருந்ததை அப்பா பார்த்துவிட்டார். மகளின் பெயரைக் காப்பாற்றக் கும்பலைக் கூட்டிவந்தவர் அந்த அப்பாதான். ‘ஏழு வயது’ என்பது தட்டச்சுப் பிழையல்ல. செய்தியைப் படிப்பவர் மேற்கொண்டு கேள்வி கேட்காமலிருக்கத் தேவையான பொய் எதுவோ, அந்த அளவுக்கு வயதைக் குறைத்திருக்கிறார்கள்.

நேரில் போக முடியாதபோது செய்திக்குள்ளேயே முரண்களைத் தேடினார். கென்டக்கியின் பார்ட்வெல்லில் 1893 ஜூலையில் வெள்ளைச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். மோப்ப நாய்கள் ஆற்றங்கரைவரை போய் நின்றன. ஒரே ஒரு ஆளைத்தான் அக்கரை சேர்த்ததாகவும், அவர் வெள்ளையரோ மிக வெளுத்த கலப்பினத்தவரோ சொல்லத் தெரியவில்லை என்றும் படகோட்டி சொன்னார். பிடிபட்ட சி. ஜே. மில்லர் கறுத்த நிறத்தவர். தாம் எந்த ஊரிலிருந்து வந்தவர், மனைவி எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதைக் கும்பலின் முன்னால் நிதானமாகச் சொல்லி விசாரிக்கும்படி கேட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனுக்கே இவர்தானா என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குக் கும்பல் கொடுத்த மரியாதை, உயிரோடு எரிக்காமல் தூக்கில் போட்டுவிட்டுப் பிறகு எரித்தது. மரக்கட்டை இழுக்கும் சங்கிலியைக் கழுத்தில் கட்டினார்கள். இவ்வளவும் அன்றைய பத்திரிகைகளிலேயே துண்டு துண்டாகக் கிடந்தது. வெல்ஸ் அவற்றை நேர வரிசைப்படி அடுக்கினார்.

ஒப்புதலோடு நடந்த உறவுகளை வல்லுறவு என்று எழுதியதற்கான சான்றுகளையும் இப்படித்தான் திரட்டினார். ஒஹையோவின் எலிரியாவில் ஒரு பாதிரியாரின் மனைவி தம்மை ஒருவர் கெடுத்ததாகச் சொல்லி, அவருக்கு 15 ஆண்டு சிறை வாங்கிக் கொடுத்தார். நான்கு ஆண்டு கழித்து, மனசாட்சி உறுத்த, உறவு தம் சம்மதத்தோடுதான் நடந்தது என்று கணவரிடம் ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் விடுதலையானார். அது வட மாநிலம் என்பதால்தான் அவர் உயிரோடு சிறையில் இருந்தார், பொய்யைத் திருத்த அவகாசம் கிடைத்தது. தென் மாநிலத்தில் நடந்திருந்தால்? வெல்ஸ் விசாரணை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

மூன்றாவது, ஆள் வைத்து விசாரிப்பது. 1899 ஏப்ரல் 23 அன்று ஜார்ஜியாவின் நியூனனில் சாம் ஹோஸ் எரித்துக் கொல்லப்பட்டார். முதலாளியைக் கொன்று அவர் மனைவியையும் கெடுத்தார் என்பது சொல்லப்பட்ட காரணம். சிகாகோவில் நிதி திரட்டி, லூயி லெ வின் என்ற வெள்ளையினத் துப்பறிவாளரை அனுப்பினார்கள். கூலிப் பேச்சில் மூண்ட தகராறில் முதலாளி துப்பாக்கி எடுத்தார், ஹோஸ் கையிலிருந்த கோடரியை வீசினார், மனைவியைத் தொடவே இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையை வெல்ஸ் துண்டுநூலில் கடைசியில்தான் வைத்தார். அதற்கு முன்னால், ஹோஸைப் பிடிக்க 500 டாலர் பரிசு அறிவித்த அட்லாண்டா பத்திரிகையின் சொந்தச் செய்திகளை நாள் வாரியாகக் கொடுத்தார். கொலைக்கு ஊரைத் தயார் செய்தது யார் என்பது விளக்கமே இல்லாமல் வாசகருக்குப் புரிந்துவிடும்.

கடல் கடந்த இரண்டு பயணங்கள்

அமெரிக்க வெள்ளையர் பத்திரிகைகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டன் பேசினால்தான் அமெரிக்கா கேட்கும் என்ற நிலை. 1893இலும் 1894இலும் அவர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நகரங்களில் பேசினார். அழைத்தவர்களில் ஒருவர் கேதரின் இம்பி. இங்கிலாந்தின் சோமர்செட்டைச் சேர்ந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அவர் 1888 முதல் நடத்திய இதழின் பெயர் ‘ஆன்டி காஸ்ட்’, அதாவது சாதி எதிர்ப்பு. அமெரிக்க நிற வேற்றுமையைச் சாதி என்ற சொல்லால் அழைத்த பத்திரிகை அது.

முதல் பயணம் பாதியில் நொண்டியது. காரணத்தில் ஓர் இலங்கை முடிச்சும் இருக்கிறது. இன்னொரு புரவலரான இசபெல்லா மேயோவின் அபர்டீன் வீட்டில் ஜார்ஜ் ஃபெர்டினாண்ட்ஸ் என்ற இலங்கையர் தங்கியிருந்தார். இம்பி அவருக்குத் திருமணம் பற்றிக் கடிதம் எழுதிவிட்டார். மேயோ கொதித்து, இம்பியை விலக்க வேண்டும் என்று நின்றார். நிறம் பார்க்காத மனித சகோதரத்துவத்துக்காகவே சங்கம் அமைத்தவர் இந்த மேயோ. இம்பி செய்தது அவசரம்தான், ஆனால் அவமானப்படுத்தும் அளவுக்குக் குற்றமல்ல என்று வெல்ஸ் மறுத்துவிட்டார். மேயோவின் ஆதரவு போயிற்று.

இரண்டாவது பயணத்தில் அவர் ‘சிகாகோ இன்டர் ஓஷன்’ என்ற வெள்ளையர் நாளிதழுக்கு அங்கிருந்தே கட்டுரைகள் அனுப்பினார். லண்டனில் கும்பல் கொலை எதிர்ப்புக் குழு உருவாயிற்று. மதுவிலக்கு இயக்கத்தின் பெருந்தலைவி ஃபிரான்சஸ் வில்லர்டும் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். 1890இல் அவர் கொடுத்த பேட்டியில் கறுப்பினத்தவர் வெட்டுக்கிளிபோலப் பெருகுகிறார்கள், பெண்களின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று பேசியிருந்தார். வெல்ஸ் அந்தப் பேட்டியை அப்படியே பிரிட்டிஷ் இதழில் மறுபிரசுரம் செய்ய வைத்தார். இதற்கு அவர் சம்பாதித்த பகை சிறிதல்ல. நல்ல காரியம் செய்கிறவர்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பொய்யைப் பரப்புவது கெட்டவர் வாயாக இருந்தால் ஆபத்து குறைவு, நல்லவர் வாயாக இருந்தால்தான் அதிகம். வெல்ஸ் செய்தது சரி என்றே கருதுகிறோம்.

மெம்பிஸ் பருத்தியை அன்று வாங்கிய நாடு பிரிட்டன். 1894 ஆகஸ்ட் கடைசியில் மெம்பிஸ் அருகே விலங்கு பூட்டிய ஆறு கறுப்பினக் கைதிகளைக் கும்பல் கொன்றபோது, இரண்டு ஆண்டுக்கு முன்பு வெல்ஸின் உயிரைக் கேட்ட அதே மெம்பிஸ் வெள்ளையர் சமூகம் கண்டனக் கூட்டம் போட்டது. வெள்ளையர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வெட்கம் வந்தது, அதற்குக் காரணம் வியாபாரம்.

1895இல் சிகாகோ வழக்கறிஞர் ஃபெர்டினண்ட் பார்னெட்டை மணந்து, தம் பெயரை விடாமல் வெல்ஸ்-பார்னெட் ஆனார். நான்கு பிள்ளைகள். கைக்குழந்தையோடு கூட்டங்களுக்குப் போனார். தென் கரோலினாவில் கறுப்பினத் தபால் அதிகாரி ஒருவரும் அவருடைய கைக்குழந்தையும் கொல்லப்பட்ட 1898இல், ஐந்து மாத மகனைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போய் அதிபர் மெக்கின்லியைச் சந்தித்து மனு கொடுத்தார். 1909இல் கறுப்பினத்தவர் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பு உருவாவதில் பங்கெடுத்தார். ஆனால் அமைப்புகளின் கட்டுக்குள் அவர் அதிக நாள் நிற்கவில்லை.

ஒரு ஷெரீப்பின் வேலை

அவர் செய்த வேலைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, நம் கணிப்பில் மிக முக்கியமானது. 1905இல் இல்லினாய் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கைதியைக் கும்பல் பறித்துக் கொன்றால் ஷெரீப்பின் பதவி தானாகவே காலியாகும். தாம் முடிந்ததெல்லாம் செய்தேன் என்று அவர்தான் ஆளுநர் முன் நிரூபித்து வேலையைத் திரும்பப் பெற வேண்டும். நிரூபிக்கும் சுமை அதிகாரியின் தலையில்.

1909 நவம்பர் 11 அன்று அதே மாநிலத்தின் கெய்ரோ நகரில் வில் ஜேம்ஸ் என்பவர் ஆயிரக்கணக்கானோர் பார்க்கக் கொல்லப்பட்டார். விளக்கு வளைவில் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்தது, உடலைக் குண்டுகளால் துளைத்து, இழுத்துப்போய் எரித்தார்கள். ஷெரீப் ஃபிராங்க் டேவிஸின் பதவி போயிற்று. மீண்டும் கேட்டு மனு போட்டார். எதிர்த்து நிற்க ஆளில்லை. வெல்ஸும் முதலில் களைத்துத்தான் இருந்தார். நீங்கள் போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்கள் என்று மூத்த மகன் சொன்ன பிறகு ரயிலேறினார்.

கெய்ரோவில் அவருக்குக் காத்திருந்த தடை கறுப்பின மக்களே. டேவிஸ் நல்லவர், நம் ஆட்களைத் துணைக் காவலர்களாக வைத்திருந்தார், புதிதாக வந்தவர் அவர்களை நீக்கிவிட்டார் என்றார்கள். சிலர் டேவிஸுக்கு ஆதரவாக ஆளுநருக்குக் கடிதமும் அனுப்பியிருந்தார்கள். வெல்ஸ் அவர்களோடு சண்டை போடவில்லை. கூட்டம் கூட்டி ஒன்றைத்தான் கேட்டார்: கைதியைக் காக்கக் கூடுதல் ஆட்களுக்கு டேவிஸ் பதவிப்பிரமாணம் செய்துவைத்தாரா? கும்பலைத் தடுக்க ஒரு குண்டாவது சுட்டாரா? இரண்டும் இல்லை என்று அவர்கள் வாயிலிருந்தே வந்தது. இவரை மன்னித்தால் அடுத்த ஷெரீப்பும் இதையே செய்வார் என்றார். டேவிஸை மீண்டும் அமர்த்தக் கூடாது என்ற தீர்மானத்தில் கையெழுத்து வாங்கினார்.

மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் விசாரணை. டேவிஸ் பக்கம் வழக்கறிஞரும் ஊர்ப் பெரியமனிதர்களின் கடிதங்களும். எதிர்ப்பக்கம் சட்டம் படிக்காத வெல்ஸ். உண்மைகளைத் தேதிப்படி எழுதிய குறிப்போடு நின்றார். டிசம்பரில் ஆளுநர் சார்லஸ் டெனீன் மனுவைத் தள்ளுபடி செய்தார். அதன் விளைவைப் பார்க்க மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1910 பிப்ரவரியில் அதே கெய்ரோவில் இன்னொரு கும்பல் சிறையை முற்றுகையிட்டது. இந்த முறை ஷெரீப் துணைக் காவலர்களை நிறுத்தியிருந்தார், சுட்டார்கள். கும்பலில் ஒருவர் இறந்தார், கைதி பிழைத்தார்.

1919இல் ஆர்கன்சாவின் எலைனில், பருத்திக்கு நியாயமான விலை கேட்டுச் சங்கம் கட்டிய கறுப்பினக் குத்தகை விவசாயிகள் மீது தாக்குதல் நடந்தது. கொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. தண்டனையோ விவசாயிகளுக்கு. 12 பேருக்குத் தூக்கு. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் சில நிமிடங்களில் கொடுத்த தீர்ப்பு. சுமார் 30 ஆண்டுக்குப் பிறகு வெல்ஸ் தெற்கே போனார். கைதிகளின் மனைவியர், தாய்மாரோடு சேர்ந்து உறவுக்காரர்போல லிட்டில் ராக் சிறைக்குள் நுழைந்தார். காவலர் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த 12 பேரும் சொர்க்கம் போவது பற்றியே பாடிக்கொண்டிருந்தார்கள். சாவைப் பற்றிப் பாடுவதை நிறுத்துங்கள், விடுதலை வேண்டும் என்று ஜெபியுங்கள் என்றார் வெல்ஸ். பிறகு ஒவ்வொருவரிடமும் எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை ஏக்கர் சோளம் விதைத்திருந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அறுவடைக்கு முன் சிறைக்குப் போனவர்களின் விளைச்சல் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். பீப்பிள்ஸ் குரோசரியில் கற்றதை அவர் மறக்கவில்லை. வழக்கைத் தோளில் சுமந்தவர்கள் ஸ்கிபியோ ஜோன்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரும் என்ஏஏசிபியும். கும்பலின் மிரட்டலில் நடந்த விசாரணை விசாரணையே அல்ல என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1925க்குள் 12 பேரும் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் சிகாகோவில் வெல்ஸின் வீடு தேடிவந்து, சாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தச் சொன்னது இந்த அம்மாதான் என்று குடும்பத்தாரிடம் சொன்னார்.

வெல்ஸ் 1931 மார்ச் 25 அன்று, 68 வயதில் காலமானார். கும்பல் கொலையை மத்திய அரசுக் குற்றமாக்கும் முதல் மசோதாவை 1900இல் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹென்றி வைட், அப்போது காங்கிரஸில் இருந்த ஒரே கறுப்பினத்தவர். 1922இல் லியோனிடஸ் டயர் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா கீழவையில் 231க்கு 119 என்று நிறைவேறி, செனட்டில் தெற்கத்திய உறுப்பினர்கள் பேசிப் பேசியே இழுத்தடித்ததில் மடிந்தது. இப்படி இருநூறு முயற்சிகளுக்கு மேல் தோற்ற பிறகு, 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் பெயரிலான சட்டம் 2022 மார்ச் 29 அன்று கையெழுத்தானது. வெல்ஸின் கொள்ளுப்பேத்தி மிஷல் டஸ்டர் அன்று வெள்ளை மாளிகையில் பேசினார். வெறுப்புக் குற்றத்துக்குக் கூட்டுச்சதி செய்து மரணமோ கொடுங்காயமோ விளைவித்தவருக்கு இந்தச் சட்டத்தில் 30 ஆண்டுவரை சிறை உண்டு. 1922 மசோதாவில் வேறு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. கைதியைக் காக்கத் தவறிய அதிகாரிக்கு ஐந்து ஆண்டுவரை சிறை. கொலை நடந்த கவுன்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், இறந்தவரின் குடும்பத்துக்கு 10,000 டாலர் கட்ட வேண்டும். கெய்ரோவில் வெல்ஸ் கைவைத்த இடம், அதிகாரியைப் பொறுப்பாக்கும் அந்த முதல் ஏற்பாடுதான். 2022 சட்டத்தில் அந்த இரண்டும் இல்லை.